நுனியோடு நின்றுவிடாதீர்கள்

புவித்தகவலியலும் தொலையுணர்வும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களே,

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது உங்களில் பலருக்கு இமயமலைப் பனியாறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதிலும் கங்கோத்ரி என்றால் கை தானாகவே அங்கே போய்விடுகிறது. நல்ல தேர்வு. மனமார வரவேற்கிறேன். சென்னையிலோ திருச்சியிலோ ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு, உத்தராகண்டில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் கிடக்கும் பனிக்கட்டியை ஐம்பது அறுபது ஆண்டுக் கணக்கில் பின்னோக்கி அளக்க முடிவது உங்கள் தலைமுறைக்கு வாய்த்த பேறு. 2008-க்கு முன்பு லேண்ட்சாட் படங்களை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அந்த ஆண்டு அமெரிக்கா தன் படக் களஞ்சியத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. பிறகு ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் அப்படியே கிடைத்தன. இன்று இணைய இணைப்பும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இருந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடல். எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பனியாற்றின் நுனி எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் பரப்பு எவ்வளவு சுருங்கியது என்பது வேறொரு கேள்வி. மொத்தத்தில் எவ்வளவு பனிக்கட்டி கரைந்துபோயிற்று என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைக்கிறது. அதனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நின்றாலும் பரவாயில்லை, அந்த விடையையே மூன்றாவது கேள்விக்கும் விடையாக எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது.

கங்கோத்ரியையே எடுத்துக்கொள்வோம். சௌகம்பா சிகரங்களின் அடியில் புறப்பட்டு வடமேற்காகச் சுமார் முப்பது கிலோமீட்டர் இறங்கிவந்து கோமுகத்தில் முடிகிறது. அங்கிருந்துதான் பாகீரதி ஓடத் தொடங்குகிறாள். வழியில் ரக்தவர்ணம், சதுரங்கி, கீர்த்தி, மேரு எனப் பக்கத்துப் பனியாறுகள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் இவற்றை 'பாமக்' என்கிறார்கள். முன்பு இவை பெரிய பனியாற்றோடு கலந்தன. இப்போது ரக்தவர்ணமும் சதுரங்கியும் அதைத் தொடுவதில்லை.

இந்தியப் பனியாறுகளில் கங்கோத்ரி அளவுக்குப் பழைய பதிவுகள் உள்ளவை மிகக் குறைவு. 1866-இல் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் கனமான கண்ணாடித் தட்டுகளோடும் கேமராவோடும் மலையேறிப்போய்க் கோமுகத்தைப் படம் எடுத்தார். 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் ஆடன் அங்கே போய் நுனியை முறையாக அளந்து வரைபடமாக்கினார். கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன் இவர். அதற்குப் பிறகு வந்த பல அளவைகள் அவர் வரைந்த கோட்டிலிருந்துதான் தூரத்தைக் கணக்கிட்டன. நல்ல அடிக்கோடு ஒன்று இருந்தால் நூறு ஆண்டுகளுக்கு அது பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செயற்கைக்கோள் காலம் கங்கோத்ரிக்கு வந்தது உளவு வேலையின் வழியாக. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற இரகசியச் செயற்கைக்கோள்களை ஏவிக்கொண்டிருந்தது. படச்சுருள் ஒரு கலனில் வைத்துக் கீழே போடப்படும். பாரசூட்டில் இறங்கிவரும் கலனைப் பசிபிக் கடலுக்கு மேலே விமானம் ஒன்று கொக்கி போட்டுப் பிடிக்கும். எதிரி நாட்டின் ஏவுகணைத் தளங்களைத் தேடி எடுத்த அந்தப் படங்களில் இமயமலையும் விழுந்திருந்தது. 1995-இல் இரகசியம் நீக்கப்பட்டது. அடுத்து வந்த 'ஹெக்ஸகன்' வரிசையின் படங்களும் பின்னாளில் வெளிவந்தன. 1965-ஆம் ஆண்டுக் கொரோனா படத்தையும் 2006 வரையிலான நுண்ணிய படங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. ராகேஷ் பாம்ப்ரியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது. அந்த 41 ஆண்டுகளில் கங்கோத்ரியின் நுனி 819 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது, பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 14 மீட்டர் என்றார்கள். ஆண்டுக்குச் சராசரி சுமார் 20 மீட்டர்.

819 எல்லார் கண்ணிலும் படும். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அந்த 14-ஐ.

அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் உங்கள் ஆய்வேட்டின் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் பயன்படுத்தும் லேண்ட்சாட்டுக்கு அந்த வகைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதன் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர். நுனிக்கோடு அந்தச் சதுரத்துக்குள் எங்கே விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. முதல் படத்தில் ஒரு பிக்சல் அளவு ஐயம், இரண்டாவது படத்திலும் ஒரு பிக்சல் அளவு ஐயம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 42 மீட்டர். ஒரு படத்தை இன்னொன்றின் மேல் பொருத்துவதில் அரை பிக்சல் விலகல் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 15 மீட்டர் சேர்கிறது. ஆக 57. முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களை ஒப்பிடும்போது இந்த 57 மீட்டர் ஆண்டுக்கு 2 மீட்டருக்கும் குறைவான ஐயமாகப் பரவிவிடும். 20 மீட்டர் என்ற பின்வாங்கலைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் சென்ற ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டால்? அளக்க வேண்டியது 20 மீட்டர், ஐயம் 57 மீட்டர். சென்டினலின் 10 மீட்டர் பிக்சலுக்கு இதே கணக்கைப் போட்டாலும் ஐயம் 19 மீட்டர் வருகிறது. ஓராண்டுப் பின்வாங்கல் முழுவதும் அதற்குள் மூழ்கிவிடுகிறது.

எனவே 'கடந்த ஓராண்டில் மட்டும் கங்கோத்ரி இவ்வளவு மீட்டர் பின்வாங்கியது' என்று லேண்ட்சாட்டை வைத்து எழுதப்பட்ட எந்த வரியையும் நம்பாதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள். ஆண்டுக்காண்டு மாற்றம் வேண்டுமென்றால் ஒரு மீட்டர் அளவுக்கு நுண்மையான படம் வேண்டும், அல்லது யாராவது அங்கே போய் ஜி.பி.எஸ். கருவியோடு நிற்கவேண்டும்.

நுனி என்பதும் ஒரு புள்ளி கிடையாது. பள்ளத்தாக்கின் குறுக்கே வளைந்து நெளிந்து கிடக்கும் விளிம்பு அது. ஆறு வெளியே வரும் இடத்தில் பனிக்கட்டி அரிக்கப்பட்டுச் சரிகிறது. ஓரங்களில் நிழலும் கற்குவையும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. நடுக்கோட்டில் மட்டும் அளந்தால் ஒரு எண், ஓரத்தில் அளந்தால் வேறொரு எண். பனியாறு ஓடும் திசைக்கு இணையாக ஐம்பது மீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் பின்வாங்கலை அளந்து சராசரி எடுங்கள். அரை நாள் கூடுதலாக ஆகும். வாய்மொழித் தேர்வில் அதை விளக்கும்போது அந்த அரை நாளின் அருமை தெரியும்.

அடுத்து, படத்தின் தேதி. இதைத்தான் நான் மிக வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரிய ஆய்வுகள்கூடச் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. கங்கோத்ரி இருக்கும் கட்வால் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை மேகம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் வெண்பனியைக் கொட்டிவிட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே, செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் வரை, சில வாரங்கள்தான் கிடைக்கும். கோடை முழுக்க உருகி, மேலே கிடந்த வெண்பனி போய், பனியாற்றின் உண்மையான எல்லை தெரியும் காலம் அது. புதுப்பனி விழுந்த மறுநாள் எடுத்த படத்தில் பக்கத்துப் பாறைச் சரிவும் பனியாறாகவே தெரியும். 1990-இன் நவம்பர்ப் படத்தையும் 2020-இன் செப்டம்பர்ப் படத்தையும் ஒப்பிட்டு 'முப்பது ஆண்டில் இவ்வளவு பரப்புப் போயிற்று' என்று எழுதினால், அதில் பாதி அந்த நவம்பரில் பெய்த பனியாக இருக்கலாம்.

2007-இல் அனில் குல்கர்ணியும் குழுவினரும் செனாப், பார்வதி, பாஸ்பா வடிநிலங்களில் 466 பனியாறுகளை இந்தியச் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்தார்கள். 1962-இல் 2,077 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 1,628 ஆகக் குறைந்திருந்தது: 21 விழுக்காடு இழப்பு. முன்னோடியான ஆய்வு அது. பெரிய பனியாறுகள் துண்டுதுண்டாக உடைவதால் எண்ணிக்கை கூடிக்கொண்டே பரப்பு குறைகிறது என்பதையும் அது காட்டியது. ஆனால் 1962-க்கான எல்லை இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பழைய வரைபடங்களில் பருவப் பனியும் சில இடங்களில் பனியாறாக வரையப்பட்டிருக்கிறது என்று பிற ஆய்வாளர்கள் பின்னர்ச் சுட்டிக்காட்டினார்கள். கொரோனா படங்களோடு ஒப்பிட்டபோது வரைபட எல்லைகள் சில இடங்களில் பொருந்தவில்லை. அப்படியானால் அந்த 21-இல் உருகிப்போனது எவ்வளவு, வரைபடத்தில் இருந்த மிகை எவ்வளவு? பனியாறுகள் சுருங்குகின்றன என்பதில் ஐயமில்லை. வேகம் எவ்வளவு என்பதில்தான் கேள்வி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பது உங்கள் தொழிலின் அடிப்படை.

தேதியைச் சரிபார்த்து நல்ல படத்தை எடுத்துவிட்டீர்கள். இனி எல்லையை வரையவேண்டும். வெண்பனியும் பனிக்கட்டியும் பச்சை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். குறு அலை அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். மேகம் இரண்டையும் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்து, பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் நீங்கள் பாடத்தில் படித்த பனிக்குறியீடு. 0.4-க்கு மேல் வந்தால் பனி என்று வைத்துக்கொள்கிறோம். லேண்ட்சாட் 8-இல் மூன்றாம் பேண்டும் ஆறாம் பேண்டும். கணினி ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்து முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி முழுவதும் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. கோமுகத்தைத் தாண்டித் தபோவனத்துக்குப் போகிறவர்கள் பனியாற்றைக் குறுக்கே கடந்து போவதுண்டு. பல மீட்டர் ஆழத்துக்குப் பனிக்கட்டி இருக்கும் அந்த இடத்தில் அவர்கள் காலில் படுவது பெரும்பாலும் சரளைக் கல்தான். செயற்கைக்கோளின் கண்ணுக்கும் அதே சரளைதான் தெரியும். பனிக்குறியீடு அந்தப் பகுதியைப் பாறை என்று ஒதுக்கிவிடும். உங்கள் பனியாறு பல கிலோமீட்டர் மேலே தள்ளி முடிந்துபோனதாகக் காட்டும். நிழல் விழுந்த சரிவுகளையும் ஏரி நீரையும் நேர்மாறாகப் பனி என்று சொல்லிவிடவும் செய்யும்.

கல்மண் மூடிய பகுதியைக் கண்டுபிடிக்கச் சரிவைப் பாருங்கள். பனியாற்றின் மேற்பரப்பு பக்கத்துச் சரிவுகளைவிடத் தட்டையாக இருக்கும். வெப்ப அகச்சிவப்புப் பேண்டைப் பாருங்கள். அடியில் பனிக்கட்டி இருக்குமிடம், மூடியிருக்கும் கல்மண் மெல்லியதாக இருந்தால், சற்றுக் குளிர்ச்சியாகத் தெரியும். இரண்டு ரேடார் படங்களை வைத்து நகர்வைக் கணக்கிட்டால் எந்தக் கல்மண் நகர்கிறது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று தெரியும். இதெல்லாம் முடிந்தபிறகு கூகுள் எர்த்தின் நுண்ணிய படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கோட்டைக் கையால் திருத்துங்கள். பனியாற்று வல்லுநர்கள் இன்றும் கல்மண் மூடிய பனியாறுகளின் எல்லையைக் கையால்தான் திருத்துகிறார்கள். ஒரே பனியாற்றை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கோட்டுக்கும் உங்கள் நண்பரின் கோட்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் பிழை எல்லையின் நேர்மையான முதல் மதிப்பீடு.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

2014-இல் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைச் சேர்ந்த பகுகுணாவும் குழுவினரும் இமயமலையிலும் காராகோரத்திலும் 2,018 பனியாறுகளின் நுனியை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். 2000-01-க்கும் 2010-11-க்கும் இடையே 1,752 பனியாறுகளின் நுனி அசையவில்லை, 248 பின்வாங்கின, 18 முன்னேறின. அதாவது 87 விழுக்காடு நிலையாக இருந்தன. ஆய்வு நேர்மையானது, அவர்கள் அளந்ததைச் சொன்னார்கள். ஆனால் '87 விழுக்காடு நிலையானவை' என்ற வரி வெளியே போனதும் 'இமயமலைக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று மாறிவிட்டது.

ஏன் நுனி அசையவில்லை? 2011-இல் டிர்க் ஷெர்லரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு விடையைக் கொடுத்திருந்தார்கள். தடித்த கல்மண் மூடிய, தட்டையான பனியாறுகளின் நுனி பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது. மெல்லிய கல்மண் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். தடித்த கல்மண் அடியிலிருப்பதைப் பாதுகாக்கும். நுனியில்தான் அது மிகத் தடிப்பாகச் சேர்கிறது. எனவே நுனி அப்படியே இருக்க, மேலே நடுப்பகுதி ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகும். கிணற்றின் வாயை மேலிருந்து பார்த்தால் வட்டம் என்றைக்கும் அதேதான். நீர் எவ்வளவு இறங்கியது என்பது கயிறு விட்டால்தான் தெரியும்.

பனியாற்றுக்குக் கயிறு விடும் வேலையை உயரப்படங்கள் செய்கின்றன. ஒரே இடத்தை இரண்டு கோணங்களிலிருந்து எடுத்த படங்களிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவியும், 2005-இல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1-உம் இப்படி இணைப்படங்கள் எடுத்தன. ஹெக்ஸகன் படச்சுருள்களும் இதற்கு உதவுகின்றன. பழைய உயரத்திலிருந்து புதிய உயரத்தைக் கழித்தால் எத்தனை மீட்டர் தாழ்ந்தது என்று வந்துவிடும். அதைப் பனிக்கட்டியின் அடர்த்தியால் பெருக்கினால் எவ்வளவு நீர் போயிற்று என்று சொல்லலாம்.

2019-இல் ஜோஷுவா மாரரும் குழுவினரும் இமயமலையில் 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 650 பனியாறுகளை இந்த முறையில் அளந்தார்கள். 1975-2000 காலத்தில் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 22 சென்டிமீட்டர் நீருக்கு இணையான பனியை இழந்தன. 2000-2016-இல் அது 43 சென்டிமீட்டர். ஏறக்குறைய இருமடங்கு. 2021-இல் ரொமேன் ஹுகோனே குழுவினர் ஆஸ்டர் படங்களைக் கொண்டு உலகின் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் எல்லாவற்றையும் அளந்துவிட்டார்கள். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 267 கிகாடன் இழப்பு. ஒரு கிகாடன் என்பது ஒரு கன கிலோமீட்டர் நீர்.

87 விழுக்காடு நிலையாக இருந்த அதே பத்தாண்டில் இமயமலை இப்படி இளைத்துக்கொண்டிருந்தது. இரண்டு எண்களும் சரிதான். அவை வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள் என்று நான் கெஞ்சாத குறையாகக் கேட்பது இதனால்தான்.

உயரத்தை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரப்படம் இலவசமாகக் கிடைப்பதால் எல்லோரும் அதைத்தான் அடிப்படையாக எடுக்கிறோம். அது ரேடார், உலர்ந்த பனிக்குள் பல மீட்டர் ஊடுருவிப் போய்த்தான் திரும்பும். அந்த உயரம் உண்மையான மேற்பரப்பைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால் இழப்புக் குறைவாகத் தெரியும். திருத்தம் செய்யாமல் பயன்படுத்தாதீர்கள். எந்த இரண்டு உயரப்படங்களாக இருந்தாலும் முதலில் பனியாற்றுக்கு வெளியே, அசையாத பாறைகளில் கழித்துப் பாருங்கள். பாறை தாழவும் இல்லை, உயரவும் இல்லை. அங்கே விடை சுழியத்தைச் சுற்றி வரவேண்டும். ஐந்து மீட்டர் வந்தால் உங்கள் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள், பனியாற்றில் தெரியும் ஐந்து மீட்டரும் ஐயத்துக்குரியது. இந்தச் சோதனையைச் செய்து, அதன் படத்தையும் ஆய்வேட்டில் சேர்க்கும் மாணவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

இத்தனைக்கும் பிறகு தரையில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். இமாச்சலத்தின் லாகுல்-ஸ்பிதியில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் கம்புகளை நட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு உருகியது என்று ஆய்வாளர்கள் அளந்துவருகிறார்கள். மேல்பகுதியில் குழி தோண்டி எவ்வளவு வெண்பனி சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் கணக்குச் சரியா என்று சொல்லும் உரைகல் அவர்களுடைய கம்புகள்தான். மூச்சு வாங்கும் உயரத்தில் கூடாரம் போட்டுத் தங்கி அந்த எண்களைக் கொண்டுவந்தவர்களின் கட்டுரைகளை மேற்கோள் காட்டும்போது மரியாதையோடு காட்டுங்கள்.

அளக்காமல் சொன்ன ஒரு எண் என்ன செய்யும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இடம்பெற்றது. மொத்தப் பரப்பு ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரு இலட்சமாகச் சுருங்கும் என்றும் இருந்தது. ஐந்து இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பனியாறு இமயமலையில் கிடையவே கிடையாது. துருவங்களுக்கு வெளியே உலகம் முழுவதும் உள்ள பனியாறுகளைப் பற்றி 1996-இல் வந்த ஓர் அறிக்கையில் 2350-ஆம் ஆண்டைக் குறித்துச் சொல்லப்பட்ட கணிப்பு இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. அந்தப் பத்தி தவறு என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் கெடுதல் நடந்துவிட்டது. புவி வெப்பமாதலே பொய் என்பவர்கள் இன்றுவரை அந்த ஒரு பத்தியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பரப்பை ஒருமுறை அளந்து பார்த்த எந்த மாணவரும் அந்த ஐந்து இலட்சத்தைப் பார்த்த உடனே தடுத்திருப்பார். அந்த மாணவராக நீங்கள் இருக்கவேண்டும்.

கங்கை வற்றிவிடும் என்று முடிவுரையில் எழுதவும் அவசரப்படாதீர்கள். சமவெளியில் ஓடும் கங்கை நீரில் பெரும்பங்கு பருவமழை தருவது. பனி உருகுநீரின் பங்கு மலையடிவாரத்திலும் மழையில்லா மாதங்களிலும்தான் முக்கியமாகிறது. சிந்து வடிநிலத்தில் அது மிகப் பெரிது. உங்கள் பனியாற்றை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதை அந்த வடிநிலத்தை வைத்துச் சொல்லுங்கள்.

பனியாறு சுருங்கும்போது விட்டுப்போகும் பள்ளத்தில் நீர் தேங்கும். அதை அளக்காமல் பனியாற்றை மட்டும் அளப்பது அரைவேலை. சிக்கிமின் தென் லோனாக் பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அதன் முன்னே இருந்த ஏரி பெருகிக்கொண்டே வந்தது. பல ஆய்வுகள் அதைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து முன்பே எச்சரித்தன. 2023 செப்டம்பர் 28-ஆம் தேதிப் படத்தில் அதன் பரப்பு 167 ஹெக்டேர். அக்டோபர் 3 இரவில் கரையிலிருந்த மொரைன் என்னும் கற்குவை சரிந்து ஏரிக்குள் விழுந்தது. ஏரி உடைந்து தீஸ்தா ஆறு வெள்ளமாகப் பாய்ந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. பலர் இறந்தார்கள், பலர் கிடைக்கவே இல்லை. அக்டோபர் 4-ஆம் தேதி, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படத்தில் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் ஏரியை அளந்தபோது மிச்சமிருந்தது 60 ஹெக்டேர். அளவை இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அது போய்ச் சேரவேண்டிய வீடுகளுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உங்கள் வழிகாட்டிகள் கேட்காவிட்டாலும், நுனிக்கு முன்னாலும் பனியாற்றின் மேலும் இருக்கும் ஏரிகளின் பரப்பை ஆண்டுவாரியாக ஓர் அட்டவணையில் சேருங்கள்.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அது ஒரே இடத்துக்குத் திரும்பி வரும். மேகம் மூடிய பருவமழை மாதங்களிலும் பனியாற்றின் நகர்வை அளக்க அது வழிசெய்யும். உங்களுக்குப் பின்னால் வரும் வகுப்புகள் அந்தத் தரவோடு வேலை செய்யும். அவர்களுக்கு உங்கள் கோடுகள் அடிக்கோடாக வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு ஷேப் கோப்பை மடிக்கணினியிலேயே விட்டுவிடாதீர்கள். எந்தப் படம், அதன் அடையாள எண் என்ன, எந்தத் தேதி, எந்த வரம்பு எண், எங்கெங்கே கையால் திருத்தினீர்கள், பிழை எல்லை எவ்வளவு: இவை எல்லாவற்றையும் கோப்போடு சேர்த்துப் பொதுவில் வையுங்கள். உலகெங்குமுள்ள ஆய்வாளர்களின் எல்லைக்கோடுகளைச் சேர்த்துவைக்கும் கிளிம்ஸ் தரவுத்தளத்தில் கங்கோத்ரியின் பழைய கோடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. முதலில் அவற்றை இறக்கி உங்கள் படத்தின்மேல் போட்டுப் பாருங்கள். எங்கே விலகுகின்றன என்று பார்த்து, காரணம் தேடுங்கள். ஒரு மாத வேலைக்கு அதுவே போதும்.

செப்டம்பர் பிற்பாதியில் மேகம் விலகியதும் ஐந்து நாளுக்கு ஒரு சென்டினல் படம் கோமுகத்துக்கு மேல் கிடைக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். சந்தேகம் வந்தால் எழுதுங்கள். பாறைச் சோதனையின் முடிவையும் சேர்த்து அனுப்பினால் பதில் சொல்ல எனக்கு எளிதாக இருக்கும்.

அன்புடன்,
பனியாறுகளைப் படங்களில் அளந்துவரும் ஒருவர்